பொதிகைக்கு மேலே மலை இல்லை

தச்சநல்லூரில் எங்கள் வீட்டுக் கறிவேப்பிலை கொழுந்து விட்டதும் இலைமேல் காக்கை எச்சம் போல ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். ஈர்க்குச்சியால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு நீளும். ஒரு மாதிரி வாடை வரும். கறிவேப்பிலை அழகி என்கிற கறுப்புப் பட்டாம்பூச்சியின் புழு அது. கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை என்று அந்தக் குடும்பத்து இலைகளை மட்டும்தான் தின்னும். பசியில் செத்தாலும் முருங்கையில் வாய் வைக்காது.

பட்டாம்பூச்சி ஓர் இடத்தில் வாழ இரண்டு வேண்டும்: புழு தின்னும் செடி, தாங்கக்கூடிய வெயில். தனக்கென்று உடற்சூடு இல்லாத பூச்சி அது. காலையில் சிறகை விரித்து வெயில் காய்ந்த பிறகுதான் பறக்கவே முடியும்.

இனி மேற்கே பாருங்கள். மழை ஓய்ந்த காலையில் மொட்டைமாடியிலிருந்து பொதிகை தெளிவாகத் தெரியும். மலையில் 1000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்குப் பஸ்ஸில் ஏறியவர்களுக்குக் கணக்கே வேண்டாம். அடிவாரத்தில் வியர்த்த சட்டை மேலே போனதும் முதுகில் சில்லென்று ஒட்டும். அந்தக் குளிருக்குப் பழகிய பட்டாம்பூச்சிகள் அந்த உயரத்தை விட்டு இறங்குவதில்லை. ஊர் சூடானால் அவற்றுக்கு இருக்கும் ஒரே வழி, இன்னும் மேலே ஏறுவது.

அப்படி ஏறியதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். ஸ்பெயின் நாட்டின் நடுவில் குவாதராமா என்று ஒரு மலைத்தொடர். 1967 முதல் 1973 வரை அங்கே எந்தப் பட்டாம்பூச்சி எந்த உயரத்தில் பறந்தது என்று குறித்து வைத்திருந்தார்கள். சுமார் 30 வருடம் கழித்து, 2004ஆம் ஆண்டையொட்டி, அதே இடங்களுக்குத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். 16 இனங்களின் கீழ் எல்லை சராசரியாக 212 மீட்டர் மேலே போயிருந்தது. அந்த இடைவெளியில் அங்கே கூடியிருந்த வெப்பம் 1.3 டிகிரி. மேலே சொன்ன விகிதத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே உயரம்தான் வருகிறது. பூச்சி வெப்பமானியைப் போல ஏறியிருக்கிறது.

ஏறினால் பிழைத்துக்கொள்ளும்தானே என்று தோன்றும். நெல்லையப்பர் கோயில் கோபுரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிலையும் கீழ்நிலையை விடக் குறுகல். மலையும் அப்படித்தான். குவாதராமாவில் 212 மீட்டர் ஏறிய இனங்களுக்கு வாழும் பரப்பில் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. மேலே அவற்றின் செடி இருந்தாக வேண்டும் என்பது தனிக் கவலை. பூச்சி ஒரு நாளில் ஏறிவிடும், மரம் முளைத்து வளரப் பல வருடம் ஆகும்.

எனக்குப் பொதிகையை நினைத்துத்தான் மனசு அடித்துக்கொள்கிறது. பொதிகையின் உச்சியான அகத்தியர் மலையே 1868 மீட்டர்தான். பேச்சுக்கு, 1400 மீட்டருக்கு மேல் மட்டும் வாழும் ஒரு பூச்சி என்று வைத்துக்கொள்வோம். அதற்கு இன்று 468 மீட்டர் உயரம் இருக்கிறது. ஸ்பெயினில் நடந்தது இங்கே நடந்தால் மிஞ்சுவது 256. வடக்கே 2695 மீட்டர் ஆனைமுடி இருக்கிறதே என்றால், நடுவில் கொல்லம் ரயில் போகிற செங்கோட்டைக் கணவாய் கிடக்கிறது. குளிரில் வாழும் பூச்சி அந்தச் சூட்டுக்குள் இறங்கித்தான் அக்கரை ஏற வேண்டும்.

இப்படித் தீவில் மாட்டியதுபோல் நிற்கும் ஒன்று நீலகிரியிலும் பழனிமலையிலும் இருக்கிறது. நீலகிரியின் பெயரையே தாங்கிய, கறுப்பு ஓரம் வைத்த ஒரு மஞ்சள் பட்டாம்பூச்சி. அதன் சொந்தக்காரர்கள் இமயத்திலும் ஆல்ப்ஸிலும் இருக்கிறார்கள். தென்னாட்டுச் சமவெளியில் ஒருவரும் இல்லை. பூமி குளிர்ந்திருந்த காலத்தில் தெற்கே பரவி, பிறகு சூடு ஏறியபோது உச்சிகளில் ஒதுங்கியவற்றின் வழிவந்தது என்று உயிரியலாளர்கள் விளக்குகிறார்கள். அந்த உச்சிப் புல்வெளிகளிலும் சீகை மரத்தையும் தைல மரத்தையும் நட்டு விட்டோம். வெயிலை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

2019இல் தமிழ்நாடு அரசு மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்த தமிழ் மறவனும் மேற்கு மலைக்காட்டுப் பூச்சிதான். செம்மஞ்சள் சிறகு, கரிய விளிம்பு. அதன் புழு தின்பது நீரடிமுத்து இனத்து மரங்களின் இலையை. தோல் நோய்க்குச் சித்த வைத்தியர்கள் எண்ணெய் எடுக்கிற அதே நீரடிமுத்து. ஆற்றங்கரைக் காட்டில் அந்த மரம் நிற்கும்வரை மறவனுக்குச் சோறு உண்டு.

குவாதராமா கணக்கு சாத்தியமானதற்குக் காரணம், 1967இல் யாரோ உயரத்தையும் சேர்த்து எழுதி வைத்ததுதான். இப்போது கைபேசியே உயரம் காட்டுகிறது. மலைக்குப் போகும்போது நான் எடுக்கிற ஒவ்வொரு படத்தோடும் தேதி, இடம், மீட்டர் மூன்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொள்கிறேன். முதல் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கறிவேப்பிலை இருக்கிறது.