ஊதா நீலமாகும் சொட்டு

பென்சாயிக் அமிலமும் அதன் சோடியம் உப்பான சோடியம் பென்சோயேட்டும் வெள்ளைப் பொடிகள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். ஒரு லிட்டரில் அமிலம் மூன்றரை கிராம்கூடக் கரையாது. உப்போ அரைக் கிலோவுக்கு மேல் கரைந்துவிடும். குளிர்பானத்திலும் ஜாமிலும் கெடாமலிருக்க உப்பைச் சேர்ப்பது அதனால்தான்.

சோடியம் பென்சோயேட் கரைசலில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் பென்சாயிக் அமிலம் திரண்டு படியும், கூடவே சாப்பாட்டு உப்பும் உண்டாகும். வடிகட்டிச் சரியாகக் கழுவாவிட்டால் கொஞ்சம் பென்சோயேட்டும் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். எவ்வளவு?

சோடியம் ஹைட்ராக்சைடை பியூரெட்டில் நிரப்பி, பள்ளியில் செய்ததுபோல் தரம்பார்த்தால் அமிலத்தின் அளவு மட்டும் கிடைக்கும். மிச்சமெல்லாம் உப்பு என்று கழித்துச் சொல்ல முடியாது. ஈரமும் அந்த மிச்சத்தில்தான் இருக்கிறது. சுடர் ஒளிமானியில் வைத்தால் சோடியத்தின் மஞ்சள் ஒளி, 589 நானோமீட்டரில், பளிச்சென்று தெரியும். ஆனால் கழுவாமல் விட்ட சாப்பாட்டு உப்பின் சோடியத்தையும் அது சேர்த்தே எண்ணிவிடும்.

பென்சோயேட் ஒரு காரம், ஆனால் சோனிக் காரம். தண்ணீரில் அதன் மீது அமிலத்தைச் சொட்டினால், புரோட்டானை வாங்கத் தண்ணீரே போட்டிக்கு வந்துவிடுகிறது, முடிவுப்புள்ளி மங்கிப்போகும். ஆகவே தண்ணீரையே விலக்கிவிடுகிறார்கள். பொடியை நீரற்ற அசிட்டிக் அமிலத்தில் கரைக்கிறார்கள். சுமார் 16 டிகிரியில் பனிக்கட்டிபோல் உறைவதால் 'கிளேசியல்' என்று பெயர்பெற்றது அது. தானே அமிலமாதலால் புரோட்டானுக்கு அலையாது. அங்கே சோனிக் காரமும் பயில்வானாகிவிடும். சாப்பாட்டு உப்பின் குளோரைடு இங்கும் அசையாது, பென்சாயிக் அமிலமும் குறுக்கே வராது. எனக்கு இந்த வேதியியலில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

பியூரெட்டில் பெர்குளோரிக் அமிலம். நிறங்காட்டி கிரிஸ்டல் வயலட், வாய்ப்புண்ணுக்குத் தடவும் ஊதா மருந்தில் இருக்கும் அதே சாயம். ஊதா நீலமாகிப் பச்சை எட்டிப்பார்க்கும்போது திருகை மூட வேண்டும். 0.1 மோலார் கரைசல் ஒரு மில்லி செலவானால் 14.41 மில்லிகிராம் சோடியம் பென்சோயேட் என்று கணக்கு. ஒரு கிராம் பொடிக்கு, வெறும் கரைப்பானுக்கான செலவைக் கழித்தபின், 0.7 மில்லி பிடித்தால் உப்பு ஏறத்தாழ ஒரு சதவீதம்.

ஒரு தொல்லை உண்டு. அசிட்டிக் அமிலம் சூட்டில் தண்ணீரைவிட அதிகமாக விரியும். ஐந்து டிகிரி ஏறினாலே அரை சதவீதம் பிசகும். காலையில் செறிவு பார்த்த கரைசலை மதியம் எடுப்பவர், பியூரெட் பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரையும் வைத்துக்கொள்வார்.