பெரிய ஆல்டர்னேட்டர் வாங்கும் முன் ஒரு கணக்கு

மழைக்காலத்தில் பகாவ், ரந்தாவ், போர்ட்டிக்சன் வட்டாரச் செம்பனைத் தோட்டங்களுக்குள் போனால், நான்கு சக்கர இயக்க வாகனம் ஆடம்பரம் அன்று என்பது புரியும். வெட்டிய குலைகள் 24 மணி நேரத்துக்குள் ஆலையைச் சேர வேண்டும். இரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால், சேற்றுப் பாதையைத் தாண்டி மருத்துவமனைக்குக் கொண்டு போகவும் அதே வண்டிதான்.

அதனால் பழைய பிக்அப்புகளில் கூடுதல் விளக்குகளும் வண்டியை இழுக்கும் வின்ச்சும் பொருத்துகிறார்கள். சில வாரங்களில் காலையில் வண்டி கிளம்ப மறுக்கிறது. உடனே கிடைக்கும் ஆலோசனை: "பெரிய ஆல்டர்னேட்டர் மாட்டு." இது சரிதானா? ஐந்தாம் படிவ இயற்பியலே பதில் சொல்லும்.

1948இல் அறிமுகமான லேண்ட் ரோவரில் டைனமோதான் இருந்தது. இயந்திரம் மெதுவாக ஓடினால் அது தரும் மின்சாரம் மிகக் குறைவு. 1960களில் டையோடுகள் மலிவானதும் ஆல்டர்னேட்டர் அதன் இடத்தைப் பிடித்தது. 1971இல் வந்த மூன்றாம் வரிசை லேண்ட் ரோவரும் அதற்கு மாறியது. 1831இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இரண்டுக்கும் அடிப்படை.

இப்போது கணக்கு. 55 வாட் தலைவிளக்கு இரண்டு, 100 வாட் கூடுதல் விளக்கு இரண்டு. மொத்தம் 310 வாட். இயந்திரம் ஓடும்போது மின்னழுத்தம் ஏறக்குறைய 14 வோல்ட். 310ஐ 14ஆல் வகுத்தால் சுமார் 22 ஆம்பியர். மழைத் துடைப்பான், குளிரூட்டியின் காற்றாடி போன்றவற்றுக்கு இன்னும் 20 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 45 ஆம்பியர் தரும் பழைய ஆல்டர்னேட்டரில் மிச்சம் மூன்றுதான். அந்த 45ம் இயந்திரம் வேகமாகச் சுழலும்போது மட்டுமே கிடைக்கும். சேற்றில் வண்டி ஊர்ந்து போகையில் பற்றாக்குறையைப் பேட்டரி ஈடுகட்டுகிறது. காலையில் அது வெறுமையாகிவிடுகிறது.

வின்ச் வேறு கதை. சுமார் 4 டன் இழுக்கும் மின் வின்ச், முழுச் சுமையில் 400 ஆம்பியர் வரை கேட்கும். 120 ஆம்பியர் ஆல்டர்னேட்டராலும் அதைத் தர முடியாது, பேட்டரிதான் தருகிறது. ஒரு நிமிடம் இழுத்தால் 6.7 ஆம்பியர்-மணி குறையும். உபரி 20 ஆம்பியர் இருந்தால் அதைத் திருப்பி நிரப்பக் குறைந்தது 20 நிமிடம். 60 இருந்தால் 7 நிமிடம். பெரிய ஆல்டர்னேட்டர் இழுக்கும் பலத்தைக் கூட்டாது. பேட்டரி மீளும் வேகத்தைத்தான் கூட்டும்.

வாங்கும் முன் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும்; இயந்திரம் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.4 வரை. அதைவிடக் குறைந்தால் தளர்ந்த பெல்ட், துருப்பிடித்த இணைப்பு, தேய்ந்த பிரஷ், உள்ளே புகுந்த சேறு ஆகியவற்றை முதலில் பாருங்கள். எல்.இ.டி. விளக்குக்கு மாறினாலே சுமை பெரிதும் குறையும்.

மாற்றியே ஆக வேண்டுமென்றால், பேட்டரிக்குப் போகும் வயரும் ஃபியூசும் புதிய அளவுக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். பழைய மெல்லிய வயர் சூடேறித் தீப்பிடிக்கலாம். வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள். இயந்திரம் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிச் சோதிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அப்போது திடீரென உயரும் மின்னழுத்தம் டையோடுகளையும் வண்டியின் கணினியையும் கெடுத்துவிடலாம்.

தோட்டப்புற இளைஞர் பலர் இவ்வேலையைப் பட்டறையில் பார்த்தே கற்றவர்கள். அந்த அனுபவத்தைச் சான்றுகளோடு காட்டி, மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். பெறவும் வழி உண்டு. கைத்திறன் ஏற்கெனவே இருக்கிறது. பாடநூலில் உள்ள இந்தக் கணக்கையும் சேர்த்துக்கொண்டால், தேவையற்ற செலவைத் தவிர்க்கச் சொல்லும் நம்பகமான மெக்கானிக் ஆகலாம்.