இடி கேட்டால் வீட்டுக்குள் போங்கள்

கோடை மழை பெய்யும் மாதங்களிலும் ஐப்பசி மழை தொடங்கும்போதும் நாளிதழ்களில் ஒரு செய்தி தவறாமல் வருகிறது. வயலில் வேலை செய்தவர், ஆடு மேய்த்தவர், மழைக்கு மரத்தடியில் ஒதுங்கியவர் மின்னல் தாக்கி இறந்தார் என்கிறது அது. இந்தியாவில் ஆண்டுதோறும் 2,000 பேருக்கு மேல் இப்படி இறக்கிறார்கள். மின்னல் எப்படி உருவாகிறது, ஆளை எப்படித் தாக்குகிறது என்று தெரிந்துகொண்டால் இவற்றில் பல சாவுகளைத் தடுத்துவிடலாம்.

மேகத்துக்குள் நடப்பது

வெயிலில் சூடான ஈரக்காற்று வேகமாக மேலெழும்போது இடிமேகம் திரள்கிறது. அதன் உச்சி 12 கிலோமீட்டருக்கு மேலும் போகும். அவ்வளவு உயரத்தில் கடுங்குளிர். அங்கே நுண்ணிய பனித்துகள்களும் சற்றுக் கனமான பனிமணிகளும் ஓயாமல் மோதிக்கொள்கின்றன. இந்த மோதலில் துகள்கள் நேர்மின்னூட்டம் பெற்று மேலே போகின்றன. மணிகள் எதிர்மின்னூட்டத்தோடு கீழே தங்குகின்றன. மேகத்தின் அடியில் எதிர்மின்னூட்டம் சேரச் சேர, அதன் கீழுள்ள நிலத்தில் நேர்மின்னூட்டம் திரள்கிறது.

காற்று எளிதில் மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் மின்னழுத்தம் அளவு மீறியதும் அந்தத் தடை உடைகிறது. மேகத்திலிருந்து ஒரு மின்பாதை, சுமார் 50 மீட்டர் நீளத் தாவல்களாகக் கிளைவிட்டு இறங்குகிறது. அது தரையை நெருங்கும்போது மரம், கோபுரம், வெட்டவெளியில் நிற்கும் ஆள் என உயர்ந்திருப்பவற்றிலிருந்து மின்கீற்றுகள் மேல்நோக்கி எழுகின்றன. இரண்டும் சந்தித்த நொடியில் பாதை முழுமையாகி, பெரும் மின்னோட்டம் பாய்கிறது. அப்போது நாம் பார்க்கும் கண்கூசும் ஒளி, கீழிருந்து மேலே ஓடும் ஒளி. ஒரே பாதையில் மின்னோட்டம் பலமுறை பாய்வதால்தான் மின்னல் துடிதுடிப்பதுபோலத் தெரிகிறது.

வீட்டில் ஏசிக்கு வைக்கும் பெரிய பிளக் 16 ஆம்பியர் தாங்கும். சராசரி மின்னலில் பாய்வது சுமார் 30,000 ஆம்பியர். மின்னல் பாதையில் காற்றின் வெப்பம் 30,000 டிகிரி செல்சியஸ் வரை போகிறது. சூரியனின் மேற்பரப்பு வெப்பமே சுமார் 5,500 டிகிரிதான். இவ்வளவு சூடான காற்று சட்டென விரிந்து அதிர்வதே இடி.

எவ்வளவு தூரம்?

ஒளி உடனே வந்துவிடும். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 விநாடி ஆகும். மின்னியதும் எண்ணத் தொடங்கி, இடி கேட்கும்வரை ஆன விநாடிகளை மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் கணக்கு வந்துவிடும். ஆனால் தொலைவில்தானே என்று நிம்மதி அடையக் கூடாது. மழை பெய்யும் இடத்திலிருந்து 10 கிலோமீட்டருக்கு அப்பாலும் மின்னல் இறங்கும். இடி காதில் விழுகிறது என்றாலே நீங்கள் மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள்.

2017 அக்டோபரில் அமெரிக்காவின் டெக்சாஸிலிருந்து கான்சாஸ் சிட்டி அருகே வரை ஒரே மின்னல் 829 கிலோமீட்டர் நீண்டதை உலக வானிலை அமைப்பு உறுதிசெய்திருக்கிறது. இது சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் இடையிலான சாலைத் தூரத்தைவிட அதிகம்.

மரத்தடி ஏன் ஆபத்து?

மின்னல் நேராகத் தலையில் இறங்கி இறப்பவர்கள் குறைவு. மரத்தில் இறங்கிய மின்சாரம் அருகில் நிற்பவர் மேல் தாவும். நிலத்தில் பரவும் மின்சாரம் ஒரு கால் வழியாக ஏறி மறு கால் வழியாக இறங்கும். ஆடுமாடுகளுக்கு முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம் என்பதால் அவற்றுக்கு ஆபத்தும் அதிகம். 2016 ஆகஸ்டில் நார்வேயின் மலைப்பகுதி ஒன்றில் கூட்டமாக நின்ற 323 கலைமான்கள் மின்னலில் ஒன்றாக மடிந்தன.

ஒருமுறை விழுந்த இடத்தில் மறுபடி விழாது என்பதும் தவறு. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் ஆண்டுக்கு 20 முறைக்கு மேல் மின்னல் விழுகிறது.

செய்ய வேண்டியவை

இடி கேட்டதும் சுவரும் கூரையும் உள்ள கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கண்ணாடிகளை ஏற்றிய காரும் பாதுகாப்பானதே. அதற்குக் காரணம் ரப்பர் டயர் அல்ல. உலோக உடல் மின்சாரத்தைத் தன் மேலாகவே நிலத்துக்குக் கடத்திவிடுகிறது. குளம், கிணறு, கம்பிவேலி, மின்கம்பம் பக்கம் போக வேண்டாம். வீட்டுக்குள் இருக்கும்போது குழாய்த் தண்ணீரில் குளிப்பதையும் பிளக்கில் செருகிய கருவிகளைத் தொடுவதையும் தவிருங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வாருங்கள்.

மின்னல் தாக்கியவரைத் தொட்டால் ஷாக் அடிக்காது. அவர் உடலில் மின்சாரம் தங்குவதில்லை. மூச்சோ நாடித்துடிப்போ இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்தி முதலுதவியைத் தொடங்கி, 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். பலரை இப்படிக் காப்பாற்ற முடியும்.

நடவு, களையெடுப்பு, நூறு நாள் வேலை என வெட்டவெளியில் ஆட்களை வைத்து வேலை வாங்குபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூலி போய்விடுமே என்ற பயத்தில் யாரும் வயலில் நிற்கும்படி விடாதீர்கள். முதல் இடி கேட்டதும் வேலையை நிறுத்துங்கள். அந்த நேரத்துக்கான கூலியையும் பிடிக்காமல் கொடுங்கள்.