பட்டப்பகலில் லைட் எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை காலையில் பையை எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்கு மீன் வாங்கக் கிளம்புகிறவரா நீங்கள்? அப்படியானால் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பீர்கள். வெயில் சுள்ளென்று அடிக்கிறது. ஆனாலும் எதிரே வருகிற ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் லைட் எரிந்துகொண்டே வருகிறது! டீக்கடையில் நிற்கிற பெரியவர் இன்னமும் பழக்கதோஷத்தில் கையை உயர்த்தி, விரல்களை மூடி மூடித் திறந்து காட்டுகிறார். "இன்னாபா, பகல்ல லைட்டு போட்டுனு போற... பேட்டரி இறங்கிடப் போவுது!"

பாவம், நல்ல மனசு. ஆனால் அந்தப் பையனால் லைட்டை அணைக்க முடியாது. அணைப்பதற்கு ஸ்விட்சே கிடையாது!

2017 ஏப்ரல் 1-ம் தேதி முதல் இந்தியாவில் தயாராகிற புது இரு சக்கர வாகனங்களுக்கு இது சட்டம். என்ஜின் ஓடத் தொடங்கினால் முன்விளக்கு தானாக எரியவேண்டும், அல்லது பகலுக்கென்றே உள்ள தனி விளக்காவது எரியவேண்டும். லோ பீம், ஹை பீம் மாற்றிக்கொள்ளலாம், அணைக்கக் கூடாது. என்ஜின் ஓடும்போதே மின்சாரம் உற்பத்தியாகிவிடுவதால் பேட்டரி பற்றிய பயம் வேண்டாம். 35 வாட்ஸ் பல்பு குடிக்கிற பெட்ரோலும் கணக்குப் பார்க்கிற அளவுக்கு இல்லை. இருந்தாலும் நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? மெக்கானிக்கிடம் கொடுத்து ஒயரை வெட்டி, தனியாக ஒரு ஸ்விட்ச் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. அது சட்டப்படியும் தப்பு, உடம்புக்கும் நல்லதல்ல. ஏன் என்று பார்ப்போம்.

பார்ப்பதற்கு அல்ல, பார்க்கப்படுவதற்கு!

ராத்திரியில் லைட் போடுவது நாம் ரோட்டைப் பார்க்க. பகலில் போடுவது மற்றவர்கள் நம்மைப் பார்க்க. இந்த ஒரு வித்தியாசம் புரிந்துவிட்டால் போதும்.

"கண்ணைத் திறந்துகொண்டுதான் ஓட்டினேன், வண்டி வந்ததே தெரியலை சார்!" விபத்துக்குப் பிறகு டிரைவர்கள் அடிக்கடி சொல்கிற வாக்கியம் இது. பொய் சொல்கிறார் என்றுதான் நினைப்போம். பல நேரம் அவர் சொல்வது நிஜம்! நம் கண் சினிமா கேமரா மாதிரி காட்சியைத் தொடர்ச்சியாகப் படம் பிடிப்பதில்லை. ஒரு விநாடிக்குச் சுமார் மூன்று முறை இங்கும் அங்கும் தாவுகிறது. தாவுகிற அந்த மிகச் சின்ன நேரத்தில் மூளை பார்வையை அடக்கி வைத்துவிடுகிறது. பார்வையின் நடுவில் உள்ள ஒரு சிறு வட்டம்தான் துல்லியமாகத் தெரியும். ஓரங்களில் எல்லாமே மசமசப்புத்தான்.

இந்த மசமசப்பில், கன்டெய்னர் லாரிக்குப் பக்கத்தில் வருகிற ஒல்லியான மோட்டார் சைக்கிள் எப்படித் தெரியும்? மூளை பெரியதைப் பதிவு செய்துகொள்ளும், சின்னதை விட்டுவிடும். போதாக்குறைக்கு, பெரிய வண்டியும் சின்ன வண்டியும் ஒரே தூரத்தில், ஒரே வேகத்தில் வந்தாலும், சின்னது வந்து சேர இன்னும் நேரமாகும் என்று மூளை தப்புக்கணக்குப் போடுகிறது. ஆனால் ஓரக்கண்ணுக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. வெளிச்ச வித்தியாசத்தையும் அசைவையும் அது சட்டென்று பிடித்துக்கொள்ளும். அந்த லைட் எரிவது அதற்காகத்தான்.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வாகனங்களில் போனவர்கள். சாப்பாட்டுத் தூக்கோடு காலையில் கிளம்பிப்போன குடும்பத்தலைவர்களும், காலேஜ் பையன்களும்தான் இதில் அதிகம் இருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

"ஐரோப்பாவில் பாதி நாள் இருட்டு, அங்கே சரி. நம்ம ஊர் வெயிலில் லைட்டா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஸ்வீடன் 1977-லேயே எல்லா வண்டிகளும் பகலில் லைட் போடவேண்டும் என்றது, அது குளிர்நாடு. ஆனால் நம் சொந்தபந்தங்கள் நிறையப் பேர் வாழ்கிற மலேசியா? நம்மைவிடப் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் உள்ள நாடு! அங்கே 1992-ல் மோட்டார் சைக்கிள்களுக்குப் பகல் லைட்டைக் கட்டாயமாக்கினார்கள். சிரம்பான், ஷா ஆலம் பகுதிகளில் ஆய்வு செய்து பார்த்தபோது, 'கண்ணில் படாததால்' நடக்கிற மோட்டார் சைக்கிள் விபத்துகள் ஏறக்குறைய 29 சதவிகிதம் குறைந்திருந்தன.

நடந்து போகிறவர்களுக்கு

இனிதான் முக்கியமான சங்கதி. காசிமேட்டு ரோட்டைக் கொஞ்சம் மனதில் கொண்டுவாருங்கள். ஒரு பக்கம் துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கின்றன. நடுவே ஐஸ் பெட்டியும் கூடையும் ஏற்றிய மீன்பாடி வண்டி புகுந்து வருகிறது. இரண்டு டிரெய்லர்களுக்கு இடையிலிருந்து, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா எட்டிப் பார்க்கிறார். தூரத்தில் லைட் எரியும் பைக் வருகிறது. 'லைட் போட்டுத்தானே வர்றான், நம்மைப் பார்த்திருப்பான்' என்று காலை எடுத்து வைக்கிறார்.

கூடவே கூடாது! அந்த லைட்டால் நீங்கள் அவனைப் பார்க்கிறீர்கள், அவ்வளவுதான். அவன் உங்களைப் பார்த்துவிட்டான் என்று அதற்கு அர்த்தமே இல்லை. உங்களிடம் லைட் இல்லை. நீங்கள் நிற்பதோ டிரெய்லரின் நிழலில். வெயிலில் வருகிறவன் கண்ணுக்கு அந்த நிழல் கறுப்புத் திட்டாகத்தான் தெரியும். ஒற்றை லைட்டை வைத்து வண்டி என்ன வேகத்தில் வருகிறது என்று சொல்வதும் கஷ்டம். ஓட்டுகிறவர் முகம் உங்கள் பக்கம் திரும்பி, வண்டி வேகம் குறைந்த பிறகுதான் கடக்கவேண்டும். குழந்தைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

டூவீலர்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. லைட் எரிகிறது என்று டிரெய்லரின் இடது பக்கத்தில் நுழையாதீர்கள். உயரத்தில் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்குக் கேபினை ஒட்டி இடது பக்கமும், மூக்குக்கு நேர் கீழேயும் எதுவும் தெரியாது. அங்கே நீங்கள் சூரியனையே கட்டித் தொங்கவிட்டாலும் பிரயோஜனம் இல்லை.

நாற்பது தாண்டியவரா?

அந்தக் காலத்தில் ஹெட்லைட் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்களே, நினைவிருக்கிறதா? எதிரே வருகிறவருக்குக் கண் கூசக் கூடாது என்பதற்காக. இன்று ஸ்டிக்கர் இல்லை. பளீரென்ற வெள்ளை எல்.இ.டி. வந்துவிட்டது, அதையும் ஹை பீமில் போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கும் பஞ்சமில்லை. பகலிலும் லோ பீம்தான் மரியாதை.

வயது ஏற ஏறக் கண்ணிலுள்ள லென்ஸ் மஞ்சளித்து, கலங்க ஆரம்பிக்கும். உள்ளே நுழைகிற வெளிச்சம் சிதறிக் கூசும். கூசிய கண் பழைய நிலைக்குத் திரும்பவும் இளவயதைவிட அதிக நேரமாகும். விடியற்காலை இருட்டில் எதிர் லைட்டைச் சுற்றி வளையம் தெரிகிறதா? முன்பைவிடக் கூச்சம் அதிகமாக இருக்கிறதா? "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். கண்புரையின் ஆரம்பமாக இருக்கலாம். சர்க்கரை வியாதிக்காரர்கள் எப்படியும் வருஷத்துக்கு ஒருமுறை கண் டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. உப்புக்காற்றும் லாரி கிளப்புகிற புழுதியும் சேர்ந்து மூக்குக் கண்ணாடி, ஹெல்மெட், கார் கண்ணாடி எல்லாவற்றிலும் மெல்லிய படலமாகப் படிந்துவிடும். கடலைப் பார்த்துப் போகிற தெருவில் காலைச் சூரியன் நேராக முகத்தில் அடிக்கும்போது, அந்தப் படலம் மொத்தமும் வெள்ளையாகிவிடும். எதிரே என்ன வந்தாலும் தெரியாது. வறட்டுத் துணியால் தேய்த்தால் கீறல் விழும். முதலில் தண்ணீர் விட்டுக் கழுவி, பிறகு மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள்.

கார் வைத்திருப்பவர்கள் கவனிக்க

புதுக் கார்களில் 'ஆட்டோ' என்று ஒரு வசதி வருகிறது. கண்ணாடியின் மேல்பக்கம் உள்ள ஒரு சின்ன உணர்கருவி வெளிச்சத்தை அளந்து, இருட்டினால் ஹெட்லைட்டைத் தானாகப் போடும். சௌகரியம்தான். ஆனால் அது வெளிச்சத்தைத்தான் அளக்கிறதே தவிர, மழையையும் மூடுபனியையும் அளப்பதில்லை. மார்கழிக் காலைப் பனி வெள்ளையாக, வெளிச்சமாக இருப்பதால் 'இருட்டு இல்லை' என்று சும்மா இருந்துவிடலாம். அப்போது நீங்கள்தான் கையால் போடவேண்டும்.

பகல் விளக்கு தனியாக உள்ள கார்களில் இன்னொரு வில்லங்கம். பல மாடல்களில் முன்னால் மட்டும்தான் அது எரியும், பின்னால் சிவப்பு விளக்கு எரியாது! உள்ளே மீட்டர் போர்டு பளிச்சென்று இருக்கும், முன்னாலும் வெளிச்சம் தெரியும். லைட் போட்டாகிவிட்டது என்று நினைத்து அந்தி நேரத்தில் ஓட்டிக்கொண்டு போவீர்கள். பின்னால் வருகிற லாரிக்காரருக்கு உங்கள் கார் ஒரு கறுப்புப் பெட்டி. இன்று சாயங்காலமே காரை ஸ்டார்ட் செய்து, வீட்டில் யாரையாவது பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பு எரியவில்லை என்றால், வெளிச்சம் குறையத் தொடங்கியதும் ஹெட்லைட் ஸ்விட்சைத் திருப்பிவிடுங்கள்.