நாணயங்களின் சரித்திரம் (12): கடல் கடந்த ரூபாய்

கொச்சியில் தோப்பும்படிச் சந்திப்பில் நின்று, ஒரு புறம் மட்டாஞ்சேரிக்கும் மறுபுறம் பழைய துறைமுகப் பாலத்தின் வழியே வெலிங்டன் தீவுக்கும் போய்வருகிற ஜனத்திரளைச் சற்று நேரம் கவனிக்கிறவர்களுக்கு, நாணய மாற்றுக் கடைகளில் திர்ஹாம், ரியால், தினார் என்ற பெயர்களுக்கு எதிரே எழுதப்படும் ரூபாய்க் கணக்கு, வளைகுடா நாடுகளில் மகனையோ கணவனையோ வைத்திருக்கும் குடும்பங்களுக்கு மிளகு விலையைக் காட்டிலும் முக்கியமானது என்பது எளிதில் விளங்கும். ஒரு திர்ஹாமுக்கு இன்று இருபது ரூபாய்க்கு மேல் கிடைக்கிறது. ஆனால் அந்தத் திர்ஹாமின் வம்சாவளியைத் தேடிக்கொண்டே பின்னோக்கிச் சென்றால், அது நம்முடைய ரூபாயிலேயே போய் முடிகிறது. சென்ற வாரம் நாம் பார்த்த திருவிதாங்கூர்ச் சக்கரம், பிரிட்டிஷ் ரூபாய் ஒன்றுக்கு 28½ என்ற கணக்கில், பக்கத்துச் சமஸ்தானங்களோடு நின்றுவிட்டது. இந்த வாரத்து விவகாரம் அரபிக் கடலையே தாண்டியது.

பாரசீக வளைகுடாவின் கரையோர ஷேக் ராஜ்யங்கள் நெடுங்காலம் பம்பாயிலிருந்த பிரிட்டிஷ் அதிகாரத்தின் நிழலில் இருந்தமையால், குவைத், பஹ்ரைன், கத்தார், துபாய், அபுதாபி, மஸ்கட் ஆகிய இடங்களிலெல்லாம் இந்திய ரூபாயே கடைவீதி நாணயமாயிற்று. பேரீச்சம்பழம் ஏற்றிக்கொண்டு மலபார்க் கரைக்கு வந்து, அரிசியும் மரமும் கயிறும் ஏற்றிக்கொண்டு திரும்பிய பாய்மரக் கப்பல்காரர்களுக்கு இரு கரைகளிலும் ஒரே பணம். மாற்று விகிதம் என்ற பேச்சே எழவில்லை. 1947-ல் சுதந்திரம் வந்த பிறகும் இந்த ஏற்பாடு நீடித்தது. டில்லியில் ஆட்சி மாறிய பின்பும் துபாய்ச் சந்தையில் ரூபாய் மாறவில்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் விஷயம்.

இதைக் குலைத்தது தங்கம். அக்காலத்தில் சர்வதேச விலை அவுன்ஸுக்கு 35 டாலர். ரூபாய்க் கணக்கில் ஒரு தோலா 62½ ரூபாய். இந்தியாவிலோ தங்க இறக்குமதிக்குக் கடுமையான தடை இருந்தபடியால், அதே தோலா நூறு ரூபாய்க்கு மேல் விற்றது. ஆகவே வளைகுடாவிலிருந்து தங்கம் கள்ளத்தனமாக நம் கரையில் இறங்க, அதற்கு ஈடான ரூபாய் நோட்டுகள் அதே வழியில் வெளியேறின. அங்கே போன நோட்டுகள் வங்கிகளின் மூலமாக ரிசர்வ் வங்கிக்கே திரும்பி வந்து, ஸ்டெர்லிங் கொடு என்று கேட்டன. வர்த்தகத்துக்காகப் போன நோட்டு எது, கள்ளத் தங்கத்துக்காகப் போன நோட்டு எது என்று பிரித்தறிய வழியில்லாத நிலையில், இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தின் செலவுகளால் ஏற்கெனவே அன்னியச் செலாவணிக்குத் திண்டாடிக்கொண்டிருந்த சர்க்கார், எல்லாவற்றுக்கும் ஸ்டெர்லிங் கொடுத்தாக வேண்டியிருந்தது.

1959 மே மாதத்தில் பரிகாரம் பிறந்தது. வளைகுடாவுக்கென்றே தனி நோட்டுகள், நிறத்தை மாற்றி, எண்ணுக்கு முன்னால் ஆங்கில 'இசட்' எழுத்தைச் சேர்த்து வெளியிடப்பட்டன. இந்தியாவுக்குள் அவை செல்லா. வெளியே அவற்றுக்கு மட்டுமே ஸ்டெர்லிங் கிடைக்கும். மதிப்பு மட்டும் ஒன்றேதான்: ஸ்டெர்லிங் பவுனுக்கு 13⅓ ரூபாய். நோட்டுகள் பிரிந்தன, விகிதம் பிரியவில்லை. குவைத் 1961-ல் தன் தினாரை 13⅓ ரூபாய்க்கும், பஹ்ரைன் 1965-ல் தன் தினாரைப் பத்து ரூபாய்க்கும் நிர்ணயித்து விலகிக்கொண்டபோதும், அளவுகோல் நம் ரூபாயாகவே இருந்தது.

அந்த அளவுகோலை நாமே குறுக்கினோம். இரண்டு யுத்தங்களும் வறட்சியும் அன்னிய உதவியின் நிறுத்தமும் சேர்ந்து நெருக்க, 1966 ஜூன் 6-ம் தேதி, இந்திரா காந்தி பிரதமராகவும் சசீந்திர சௌதுரி நிதி அமைச்சராகவும் இருந்த காலத்தில், ரூபாயின் தங்க மதிப்பு 36.5 சதவீதம் குறைக்கப்பட்டு, டாலருக்கு 4.76 ஆக இருந்தது 7.50 ஆயிற்று. பொருளாதார அவசியத்தைப் பற்றிப் பண்டிதர்கள் இன்றும் வாதிடுகிறார்கள்; அந்த வாதத்தில் நான் இறங்கவில்லை. ஆனால் வேறொரு தேசத்தாரின் பெட்டியில் நம் கையெழுத்துள்ள நோட்டு இருக்கையில், அதன் மதிப்பை அவர்களைக் கேளாமல் குறைத்தது நியாயமான காரியம் அல்ல என்றே என் மனத்துக்குப் படுகிறது. அங்குள்ள ஆட்சியாளர்கள் அதை ஏற்கவுமில்லை. கத்தாரும் துபாயும் அவ்வாண்டு மார்ச்சிலேயே சொந்த நாணயத்துக்கு ஒப்பந்தம் செய்திருந்தன. புது நோட்டுகள் வரும்வரை சவூதி ரியாலில் ஒதுங்கியிருந்து, செப்டம்பரில் பழைய ரூபாயின் மதிப்பிலேயே தங்கள் ரியாலை வெளியிட்டன. அபுதாபி பஹ்ரைன் தினாரை எடுத்துக்கொண்டது. ஓமன் மாத்திரம் 1970 வரை குறைந்த மதிப்புடனேயே வளைகுடா ரூபாயைப் பயன்படுத்தி, பின்னர் 21 ரூபாய்க்கு ஒரு ரியால் சைதி என்று கணக்கை முடித்தது.

1973 மே மாதத்தில் பிறந்த எமிரேட்ஸ் திர்ஹாம், அந்தக் கத்தார்–துபாய் ரியாலுக்குச் சமமாக வைக்கப்பட்டது. அதாவது 1966-க்கு முந்திய நம் ரூபாயே, வேறு பெயரில், வேறு தேசத்தில், குன்றாமல் வாழ்ந்துகொண்டிருந்தது. அப்போது ஒரு திர்ஹாம் ஏறக்குறைய இரண்டு ரூபாய். எண்ணெய் விலை உயர்ந்து, கேரளத்து இளைஞர்கள் கூட்டங்கூட்டமாக அங்கே போகத் தொடங்கியதும் அந்த ஆண்டுகளில்தான். 1991 ஜூலையில் ரூபாய் மறுபடியும் இரு தவணைகளில் இறக்கப்பட்டு, 1993-ல் சந்தையின் போக்கிலேயே விடப்பட்டபோது, திர்ஹாம் எட்டரை ரூபாயைத் தொட்டிருந்தது. திர்ஹாமோ 1997 முதல் டாலருக்கு 3.6725 என்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

ரூபாய் இறங்கும் வாரங்களில் தோப்பும்படியிலுள்ள தாய்க்குக் கூடுதலாகப் பணம் வந்து சேர்கிறது என்பது உண்மையே. அதே இறக்கம், இறக்குமதியாகும் பெட்ரோலின் விலையிலும் சமையல் எண்ணெயின் விலையிலும் ஏறி, சிறிது தாமதித்து அதே வீட்டுக்கு வருகிறது. வளைகுடாவில் ஆள் இல்லாத பக்கத்து வீட்டுக்கோ அந்த இரண்டாவது பாதி மட்டுமே வருகிறது. மாற்று விகிதத்தின் லாபத்தைப் பேசுகிறவர்கள் அந்தப் பக்கத்து வீட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன்.

1990 ஆகஸ்டில் இராக்கியப் படையெடுப்பின்போது, நம்மிடமிருந்து முதலில் பிரிந்துபோன குவைத் தினாருக்கு நேர்ந்ததை அடுத்த வாரம் பார்ப்போம்.