வெட்டுப்புள்ளிக்கு அப்பாலும் பாதை உண்டு



க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும்போது நம் இல்லங்கள் சிலவற்றில் மகிழ்ச்சியும் பலவற்றில் மௌனமும் குடிகொள்கின்றன. சித்தியெய்தியும் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியை எட்டாத பிள்ளை, பெற்றோரின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவும் அஞ்சுகின்றது. அவ்வேளையில் நாம் செய்வதென்ன? அயல்வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு, புண்பட்ட மனத்தை மேலும் புண்படுத்துகின்றோம்.

புனித தொன் பொஸ்கோவை எண்ணிப் பாருங்கள். 1850களின் தொடக்கத்தில் தூரின் நகரில், வேலை தேடிவந்த ஏழைச் சிறுவரை அவர் பட்டறைகளில் தொழில் பழகச் சேர்த்தார். கூலி, ஞாயிறு ஓய்வு, அடித்துத் தண்டியாமை ஆகியவற்றை ஒப்பந்தமாக எழுதுவித்து, பட்டறை உரிமையாளரோடு தாமும் கையொப்பமிட்டார். அறிவுரையோடு நின்றுவிடாது பொறுப்பேற்ற அன்பு அது!

நம் பிள்ளைகளுக்கும் தொழில்நுட்பக் கல்லூரி, தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எனப் பாதைகள் உள்ளன. அத்தகைமையின் ஏழாம் மட்டம் பட்டத்துக்கு நிகரானது. விண்ணப்பத்தை நிரப்புகையில் பிள்ளையின் அருகில் அமருங்கள். நேர்முகப் பரீட்சைக்கு உடன் செல்லுங்கள். நம் ஆண்டவரும் தச்சராக உழைத்தவரே (மாற்கு 6:3). அவ்வாறிருக்க, கைத்தொழிலை இழிவென்று எண்ணலாமா?

தொழிலாளரின் பாதுகாவலரான புனித சூசையப்பரே, எங்கள் பிள்ளைகளுக்காக வேண்டிக்கொள்ளும்.