குடல் புற்றுநோய் எந்த ‘நிலை’ என்று எப்படிச் சொல்கிறார்கள்?

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் அரிப்பைக் கண்டால் எதைப் பார்ப்பீர்கள்? அகலத்தைவிட ஆழத்தைத்தானே!

குடல் சுவரும் அப்படியொரு கரைதான். உள்பக்கத்தில் தொடங்கும் புற்று, வெளிப்பக்கமாக அரிக்கிறது. சுவரின் தசைக்குள்ளேயே நின்றால் முதல் நிலை. அந்தப் பகுதியை வெட்டியெடுத்தாலே பெரும்பாலும் போதும்.

தசையைத் தாண்டினால் இரண்டாம் நிலை: அறுவை சிகிச்சை, சிலருக்கு கீமோவும்.

கரையோர வாய்க்கால்கள்தான் நிணநீர் நாளங்கள்; அவற்றின் வழியில் இருப்பவை நிணநீர்க் கணுக்கள். அங்கே புற்றணு நுழைந்தால் மூன்றாம் நிலை. அறுவைக்குப் பின் கீமோ வழக்கம். மலக்குடலில் என்றால் பெரும்பாலும் முன்கூட்டியே கதிர்வீச்சு.

ஏரியிலிருந்து அடையாற்றில் இறங்கிய உபரிநீர்போல் கல்லீரல், நுரையீரல்வரை போய்விட்டால் நான்காம் நிலை. மருந்தே முதன்மை, சிலருக்குக் கல்லீரல் கட்டியையும் அகற்றுவார்கள்.

ஸ்கேன் ஓரளவு சொல்லும். வெட்டியெடுத்த கணுக்களில் குறைந்தது 12-ஐ நுண்ணோக்கியில் பார்த்தால்தான் நிலை உறுதியாகும்.

மலத்தில் ரத்தமா? மூலம்தான் என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.